அமாவாசைக் கட்டத்தில் ஒரு பிறை

முள்ளியவளையில் மஹ்றூபின் வளவுக்கு மட்டும், ஹஜ்ஜுப் பெருநாள் வரும் துல்ஹஜ் மாதப் பிறை நாட்டுக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடும். அவர் ஊருக்குத் திரும்பி வந்து ஓட்டுவீடு கட்டி முடித்த வருடம் தொடங்கிய சங்கதி இது. முந்திய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் பொழுதுபட, கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவில், ஓட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் வந்து நிற்கும். படலைக்கு வெளியே றோட்டில் நின்றால் வெறும் வானம். படலைக்குள் ஒரு காலை வைத்தால் பிறை. முதல் வருடம் பள்ளிவாசல் ஆட்கள் நாற்பது பேர் உள்ளே வந்தும் வெளியே போயும் சோதித்துப் பார்த்துக் களைத்துப் போனார்கள். மஹ்றூபின் மனைவி ஹாலிதா, பிறையின் நுனி பட்டு உடுப்புகள் கிழிந்துவிடும் என்று உடுப்புக் கொடியை அவிழ்த்து மாட்டுக்கொட்டில் பக்கம் கட்டினார்.

பிறை வந்ததில் மஹ்றூபுக்கு வியப்பில்லை. அவர் கண்டதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பள்ளிவாசல் தலைவர் நவ்பர் அன்றே கொழும்புக்குப் போன் போட்டார். பிறையைத் தீர்மானிக்கும் குழுவில் இருந்தவர் மிகவும் பொறுமையாக, கண்டவருக்கு வதிவிடப் பதிவு எந்த ஊரில் என்று கேட்டார். புத்தளத்தில். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு வெளியேறி, இருபத்திரண்டு வருடம் அங்கே அகதியாக இருந்ததில் மஹ்றூபின் பதிவும் அங்கேயே தங்கிவிட்டது. அன்று புத்தளத்தில் அடைமழை. ஆகவே புத்தளத்துக்காரர் ஒருவர் பிறை கண்டிருக்க வழியில்லை என்று குழு தீர்மானித்தது. "நான் நிண்டது இஞ்சையெல்லோ! கண்ணென்ன புத்தளத்திலயா கிடக்குது?" என்று மஹ்றூப் கத்தியபோது போனை வைத்துவிட்டிருந்தார்கள்.

குர்பான் கொடுக்க நினைத்தவர் பிறை கண்டதிலிருந்து மாட்டை அறுக்கும் வரை நகமோ முடியோ வெட்டுவதில்லை. ஊரார் பத்து நாள் பொறுத்தால் மஹ்றூப் பதினொரு நாள் பொறுத்தார், அது போகட்டும். ஊருக்கு ஒன்பதாம் நாள், அறபா நோன்பு, வளவுக்குள் பத்தாம் நாளாகிவிட்டது. பத்து என்றால் பெருநாள். பெருநாளில் நோன்பு பிடிப்பது ஹராம். அந்த நோன்பை விட்டறியாத ஹாலிதா ஒவ்வொரு வருடமும் விடிய முன்னரே பாயைச் சுருட்டிக்கொண்டு படலையைத் தாண்டி, எதிர்வளவு வீரகத்தியின் வீட்டில் போய் நோன்பிருந்தார். மஹ்றூப் புதுச்சாரம் உடுத்து, தனியே தக்பீர் சொல்லி, கட்டிவைத்த மாட்டைப் பார்த்துக்கொண்டு பெருநாள் கொண்டாடினார். மறுநாள் ஊரோடு தொழுதுவிட்டு அறுத்தாலும் குர்பான் கூடும், குறையில்லை என்று மௌலவி ஆறுதல் சொன்னார். "குறை குர்பான்ல இல்ல மௌலவி, என்னிலதான் எண்டு சொல்லுறாங்கள்" என்றார் மஹ்றூப்.

பதிவை மாற்ற ஏழு வருடம் அலைந்தார். காணி உறுதி கேட்டார்கள். அது சண்டையில் எரிந்துபோனது. வாப்பாவின் வாப்பா வெட்டிய கிணற்றைக் காட்டினார். கிணற்றுக்குப் போட்டோக் கொப்பி எடுக்க முடியவில்லை. எட்டாம் வருடம் பதிவு வந்தது. அந்த வருடமும் பிறை தவறாமல் வந்தது. மஹ்றூப் போனில் தன் பெயரையும் ஊரையும் சொன்னார். குழுக்காரர் மகிழ்ச்சி தெரிவித்துவிட்டு, அந்த ஊர்ப் பதிவுள்ள இரண்டாவது சாட்சியைக் கேட்டார். நவ்பருக்குப் பதிவு புத்தளம். ஹாலிதாவுக்கும், வளவில் நின்ற மற்ற எல்லாருக்கும் புத்தளம். மஹ்றூபைத் தவிரப் பதிவுள்ளவர் அங்கே ஒரேயொருவர்தான் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி செய்யும் வீரகத்தி, தண்ணீர் மோட்டர் இரவல் கேட்டு வந்தவர். அவரே போனை வாங்கினார். "பேர் வீரகத்தி. பதிவு முள்ளியவளை. பிறை என்ர தலைக்கு நேரை நிக்குது, ஐயா."

பிறைக்குச் சாட்சி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றார் குழுக்காரர். பிறகு மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தார்கள். "பதிவு இருக்கிறவர் சாட்சி சொல்லேலாது, சாட்சி சொல்லக்கூடியவங்களுக்குப் பதிவில்ல. நல்ல ஞாயம்!" என்று மஹ்றூப் கிணற்றுக்கட்டில் குந்திவிட்டார். வீரகத்தி வந்த காரியத்தை மறந்து, அவரைவிடக் கோபத்தோடு வீட்டுக்குப் போனார்.

அறபா நாளன்று, மஹ்றூப் வழக்கம்போல வட்டிலப்பத்தோடு எதிர்வளவுக்குப் போனபோது, நோன்போடு இருந்த ஹாலிதா அவரைக் குசினிச் சுவருக்குக் கூட்டிப்போனார். வீரகத்தியின் மனைவி கமலாசனியின் பிள்ளையார் படக் கலண்டரில், அமாவாசை என்று அச்சடித்த கட்டத்துக்குள் பென்சிலால் எழுதியிருந்தது: மஹ்றூப் வீட்டுப் பிறை.

"கலண்டர்ல எழுதி என்ன பிரயோசனம்?" என்றார் மஹ்றூப். ஆனால் போகவில்லை. நின்று இன்னொருதரம் வாசித்தார். பிறகு, "அக்கா, ஊரையும் எழுதுங்கோ" என்றார். கமலாசனி ஈரக்கையைச் சீலையில் துடைத்துவிட்டு, கீழே முள்ளியவளை என்று எழுதினார்.

மறுநாள் மாட்டை அறுத்துப் பங்கிட்ட பிறகு மஹ்றூப் நகம் வெட்டினார். அதற்குப் பிறகு கொழும்புக்குப் போன் போடவில்லை. பிறை இன்றும் ஒரு நாள் முந்தித்தான் வருகிறது. இருபத்தொன்பதாம் நாள் பின்னேரமே ஹாலிதா உடுப்புக் கொடியை அவிழ்த்து மற்றப் பக்கம் கட்டிவிடுகிறார்.