பேசும் பெட்டிக்கு ஏற்றது

கொழுந்தன் கொண்டுவந்த பேசும் பெட்டி மேசைமேல் உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பிஸ்கட் டப்பா அளவுதான் இருக்கும். கணினியின் கறுப்புத் திரையில் வரும் எழுத்தையெல்லாம் வரிவரியாக வாசித்துவிடுமாம். நாலு வருடமாக அது அவளுடைய வேலை. கணவர் ரேடியோ ரிப்பேர்காரர். பார்வை போன பிறகும் விரலால் தடவியே பழுதைக் கண்டுபிடிப்பவர். பழைய ரேடியோ வைத்திருப்பவர்கள் கணினி வழியாகக் கேள்வியும் பதிலுமாக எழுதிக்கொள்ளும் செய்திக்குழு ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் அதை வாசிப்பாள், அவர் சொல்லச் சொல்லப் பதில் தட்டுவாள். அந்த ஒரு மணி நேரம் அவர் முழுசாக அவளுக்குத்தான்.

அதில் மண்ணைப் போட ஒருத்தி வந்தாள். அந்தப் பெண்ணின் முதல் கடிதத்தை வாசித்தபோது அவருக்கு வாயெல்லாம் பல். “என்னமா கேக்குறா பாரேன்!” என்று நீளமாகப் பதில் சொல்லி, அதை இவள் கையாலேயே தட்டவும் வைத்தார். அதன்பிறகு அந்தப் பெண் எழுதியது எது வந்தாலும் இவள் சத்தமில்லாமல் தாண்டிவிடுவாள். ஒரு வருடமாயிற்று. பொறாமைதான், வேறென்ன? கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள், யாரும் கேட்கவில்லை.

“அண்ணே, செய்திக்குழு படிக்க ரெண்டு சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்,” என்றான் கொழுந்தன். “ஒண்ணு திரைய மூணாப் பிரிச்சு எல்லாத்தையும் காட்டும். இன்னொண்ணு ஒரு நேரத்துல ஒரு லெட்டர்தான், ஸ்பேஸ் பாரத் தட்டினா அடுத்தது. புதுசாப் பழகுறவங்களுக்கு எது சுளுவுன்னு அண்ணிதான் சொல்லணும்.”

“மூணாப் பிரிக்கிறதுதான் சுளுவு,” என்றாள் பட்டென்று. பெட்டி மூன்றையும் கலந்து உளறும், அவர் வெறுத்துப்போவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உளறத்தான் செய்தது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். “சந்தைக்கடை மாதிரில்ல இருக்கு! மத்ததப் போடுடா.”

மற்றதைப் போட்டான். பெட்டி தெளிவாக வாசித்தது. ஒரு கடிதம், ஒரு தட்டு. அடுத்த கடிதம், ஒரு தட்டு. “அட, கொழந்தகூடப் பழகிக்கும்டா இத!” அவளுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. நாலாவதைப் பெட்டி ஏற்ற இறக்கமே இல்லாமல் தொடங்கியது.

“ரேடியோக்கார ஐயாவுக்கு. இது என் ஒன்பதாவது கடிதம். நீங்கள் சொன்னபடி செய்தேன், அப்பாவின் ரேடியோ பாடுகிறது. நன்றி சொல்லத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். அந்த முதல் பதிலுக்குப் பிறகு ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் ஏதாவது தவறாக...”

அவர் பெட்டியை அணைத்தார்.

“ஏண்ணே, சரியா வாசிக்கலையா?” என்றான் கொழுந்தன்.

“நல்லாத்தான் வாசிக்குது.” பக்கத்திலிருந்த நாற்காலியைக் கையால் துழாவி இழுத்துப்போட்டார். “இங்க வந்து உக்காரும்மா. மிச்சத்த நீ படி.”

அவள் உட்கார்ந்தாள். திரையில் இன்னும் நாலு வரி இருந்தது. அவர் அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.