பெயர் சொல்லாத கதை

பூவிழி நூலக அறிவியல் பேராசிரியை. முதுகலை மாணவர்களைக் கோடைதோறும் மரக்காணம் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் நடக்கும் முகாமுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். புத்தகம் அடுக்க யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி என்பதுதான் அவள் நடத்திய பாடம். பிள்ளைகள் கேட்டது மேசையைத் தாண்டக் கூடாது என்று தினமும் ஓதுவாள்.

கௌதமன் அவளுடைய செல்ல மாணவன். உப்பள மேஸ்திரி கலியமூர்த்தியின் மகள் அருள்மொழி அவனிடம்தான் மனசைத் திறந்தாள். ஆவணியில் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்க வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுக்கோ கப்பல் படிப்பு படிக்க ஆசை. கௌதமன் உதவியோடு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்த பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவள் சம்மதத்தோடு விஷயம் பூவிழிக்கும் தெரியும்.

முகாமின் கடைசி நாள் விழாவுக்குப் பெற்றோர் வந்திருந்தார்கள். நூலகங்கள் நடத்தும் சென்னை அறக்கட்டளைக்காரர்கள் வேலைக்கு ஆள் தேடி வந்திருந்தார்கள். கௌதமன் மேடையேறினான். பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்ற பீடிகையோடு, ஒரு மேஸ்திரி மகள், மாமன் கல்யாணம், கப்பல் படிப்பு என்று கோவையாகச் சொல்லி முடித்தான். பட்டணத்தில் பெயரை மறைத்தால் ஆளையே மறைத்த மாதிரி. இங்கே அப்பன் வேலையைச் சொன்னாலே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்ட மாதிரி. கைதட்டல் ஓய்வதற்குள் கலியமூர்த்தி எழுந்து, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பூவிழி கௌதமனைத் தனியே நிறுத்திக் கேட்டாள்.

“பேரச் சொல்லலியே மேடம். டிரஸ்ட்டுக்காரங்க சக்சஸ் ஸ்டோரி ஒண்ணு கேட்டாங்க. வேலை கெடைக்குது இல்ல?”

கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேனே, முதுகில் குத்திவிட்டானே என்று பூவிழி கார் ஓட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குத் தேடிக்கொண்டு போனாள். அருள்மொழி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தை அப்பா ரத்து செய்ய வைத்துவிட்டார், போனும் போய்விட்டது, கல்யாணத்தை வைகாசிக்கே மாற்றிவிட்டார்கள் என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

“அவன் என்னையும் ஏமாத்திட்டாம்மா,” என்றாள் பூவிழி.

அருள்மொழி வாருவதை நிறுத்தவில்லை.

“மேஸ்திரி பொண்ணுன்னு அவரு ஆரம்பிச்சப்பவே நான் உங்களத்தான் பாத்தேன் மேடம். எழுந்து நிறுத்துவீங்கன்னு நெனச்சேன். நல்லாப் பேசுறாருன்னு சிரிச்சி சிரிச்சித் தலையாட்டினு இருந்தீங்க.”