இடது தொடையின் வேலைநிறுத்தம்

அந்தச் சின்ன மெஷின் மனைவியின் கையில் வேலை செய்தது. மச்சானின் கையில் வேலை செய்தது. யாருக்காக வாடகைக்கு எடுத்து வந்தார்களோ, அந்த ஒரே ஆளின் இடது தொடையில் மட்டும் வேலை செய்யவில்லை. அளவை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றினால் 'கீச்' என்று கத்திவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பூஜ்ஜியத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

தொடைக்கு உரியவர் பஸ் டிரைவர். பதினெட்டு வருஷமாக ஏழாம் நம்பர் வண்டி ஓட்டுகிறவர். ஐந்து வாரத்துக்கு முன் டெப்போவில் யாருடனோ வாதாடிக்கொண்டே வண்டியிலிருந்து பின்பக்கமாக இறங்கினார். பேச்சு முடிவதற்குள் படி முடிந்துவிட்டது. முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆனது.

புது ஜவ்வு ஒழுங்காக இருந்தது. தொடைதான் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. முழங்கால் அடிபட்டு வீங்கினால், அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் உத்தரவை உடம்பே குறைத்துவிடும். வீக்கம் வடிந்தாலும் அந்தத் தசை எழுந்திருக்காது. சும்மா கிடந்து இளைக்கும். மெஷினின் வேலை அதைத் தட்டி எழுப்புவது. தோலில் ஒட்டிய இரண்டு பட்டைகள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போய் நரம்பைத் தொடும், பத்து விநாடி தசை இறுகும், அந்த நேரம் ஆளும் சேர்ந்து இறுக்க வேண்டும், பிறகு ஓய்வு.

பிசியோதெரபிஸ்டின் பெரிய மெஷினில் இதெல்லாம் அழகாக நடந்தது. வீட்டிலும் தினமும் செய்யட்டும் என்று இந்தச் சின்னதை அனுப்பிவைத்தபோது அவர் சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கிழமை முழங்காலை மடக்காம காலை நேரா தூக்கிக் காட்டுங்க. தூக்கிட்டா, கிளட்ச் மிதிக்கிறதப் பத்திப் பேசலாம். இல்லேன்னா இன்னும் ஒரு மாசம்."

இன்னும் ஒரு மாசம் என்றால் ஏழாம் நம்பர் வண்டி நிரந்தரமாக 'சடன் பிரேக்'கின் கைக்குப் போய்விடும். சடன் பிரேக் என்பது இப்போது அதை ஓட்டும் டிரைவருக்கு டெப்போ வைத்த பெயர். அவர் ஓட்டினால், கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் முன்கதவு வழியாக இறங்குவார்.

"மெஷின்ல கோளாறு இல்லைங்க. உங்க தொடையும் உங்கள மாதிரியே சொன்ன பேச்சு கேக்காது போல," என்றாள் மனைவி. அவள் தையல்காரி. வாயில் குண்டூசி இருந்தாலும் பேச்சு நிற்காது.

"மாமா, கடைசியா ஒரு தடவை என் கையில போட்டுப் பாருங்க," என்றான் மச்சான். அவனுடைய முன்கையில் ஒட்டினார்கள். மின்சாரம் ஏறியதும் விரல்கள் தாமாக மடங்கின. அந்தக் கையில் அப்போது ஒரு கிரீம் பிஸ்கட் இருந்தது. பத்து விநாடி கழித்து அது பிஸ்கட்டாக இல்லை.

"டேய், என் மடியில கொட்டாதடா! அது அடுத்த வீட்டுக்காரங்க ஜாக்கெட் துணி!"

"நான் எங்க கொட்டுறேன், அக்கா? கை தானா பண்ணுது!"

டிரைவர் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள கையெல்லாம் ஆடுகிறது, தன் தொடை மட்டும் கல்லுப்பிள்ளையாராக இருக்கிறதே!

மெஷினை மறுபடி தன் தொடையில் மாட்டினார். அதில் இரண்டு துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வயர். ஒவ்வொரு வயரும் நுனியில் இரண்டாகப் பிரியும், நான்கு விரல் நீளத்துக்கு. கைக்கு அது போதும். தொடையிலோ ஒரு பட்டை மேலே வெளிப்பக்கம், இன்னொன்று கீழே முழங்காலுக்குச் சற்று மேலே உள்பக்கம். நடுவில் ஒன்றரைச் சாண். எட்டவில்லை. அதனால் முதல் நாளிலிருந்தே முதல் வயரின் ஒரு முனையை மேலேயும், இரண்டாம் வயரின் ஒரு முனையைக் கீழேயும் மாட்டி வந்தார். மீதி இரண்டு முனைகள் சோபாவில் தொங்கின. பட்டை இரண்டு, முனை இரண்டு. கணக்கு சரிதானே?

கீச். பூஜ்ஜியம்.

அப்போது டெப்போ டைம் கீப்பர் போன் செய்தார்.

"அண்ணே, எப்ப வர்றீங்க? சடன் பிரேக் நேத்து என்ன பண்ணான் தெரியுமா? நம்ம டெப்போ வண்டிய ராத்திரி தங்கலுக்குத் தெற்கு டெப்போவுல கொண்டுபோய் விடப் பாத்திருக்கான். அங்க ரிஜிஸ்டர்ல நம்பர் ஏது? கேட்ட சாத்திட்டாங்க! எங்க கெளம்புச்சோ அங்கதானே திரும்பணும்?"

டிரைவர் தொடையையே பார்த்தார். முதல் துளையில் கிளம்பிய மின்சாரம் மேல்பட்டை வழியாக உள்ளே போகிறது. திரும்பி வருவதற்கு அவர் வைத்திருக்கும் வழியோ இரண்டாம் துளைக்கு! அங்கே கேட் சாத்தியிருக்கிறது. திரும்ப வழியில்லாத மின்சாரம் கிளம்பவே கிளம்பாது. மெஷின் பாவம், அதைத்தான் கீச்சென்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"தம்பி, நீ நல்லா இருப்ப!" என்று போனை வைத்துவிட்டுக் கத்தினார்: "இந்தாம்மா! ஒரே வயரோட ரெண்டு முனையும் மாட்டணும். ஆனா எட்டலையே!"

மனைவி வயரை வாங்கி, துணியின் ஓரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது ஒரே வயர் இல்லைங்க. ரெண்டு மெல்லிசு வயர், ஓரத்தோட ஓரம் ஒட்டியிருக்கு. இழுத்தா பிரியும். வாடகைப் பொருளு, கேட்டுட்டுப் பிரிக்கலாம்."

பிசியோதெரபிஸ்ட் போனில் சிரித்தார். "தாராளமா பிரிங்க. அதுக்குத்தான் அப்படிச் செஞ்சிருக்காங்க. மெஷினை அணைச்சுட்டு மெதுவா."

மெஷினை அணைத்தார்கள். மனைவி மெதுவாக இழுக்க இழுக்க வயர் இரண்டரைச் சாணுக்குப் பிரிந்தது. மாட்டினார்கள். மூன்று. நான்கு. பன்னிரண்டு. தொடை திடுக்கென்று எழுந்து இறுகியது.

"அக்கா, மாமா அழுவுறாரு!"

"அழலடா, சேந்து இறுக்குறேன்!"

வெள்ளிக்கிழமை குதிகால் மேஜையிலிருந்து ஒரு சாண் எழும்பியது, முழங்கால் மடங்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் கிளட்ச் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்று மாலை டிரைவர், அடுத்து வாடகைக்கு எடுப்பவருக்காக, மெஷின் பெட்டியின் மூடியில் ஒரு தாளை ஒட்டினார்:

"ஒரே வயரின் இரண்டு முனைகளையும் ஒரே தொடையில் மாட்டவும். எட்டாவிட்டால், மெஷினை அணைத்துவிட்டு வயரை நுனியிலிருந்து பிரிக்கவும்."