ஒருமித்த முடிவு

…அதென்ன ஒருமித்த முடிவு, ஒம்பது நாடு கூடி உட்கார்ந்து பேசிப் பேசியும் வராத முடிவு, பிரீத்திக்கு வாயில் நல்லா வருது, அடுப்பில் பால் வேற பொங்குது, செல்போனில் செய்தி வாசிக்கிறவன் சாவகாசமாச் சொல்றான், பட்டாளம் ஆட்சியைப் பிடிச்ச நாட்டோட எல்லையை மூடணும்னு பாதிப் பேர், மூடக்கூடாதுன்னு மீதிப் பேர், ஒரு நாடு மட்டும் கருத்தே சொல்லலையாம்… கருத்துச் சொல்லாம இருக்கிறதுக்கு எதுக்குடா கூட்டணி, எதுக்குக் கோட்டு சூட்டு? ஆப்பிரிக்காவில் அவனுங்க அடிச்சுக்கிட்டா திருச்செங்கோட்டில் இவளுக்கென்ன? இருக்கே. போர்வெல் போடப் போன புருசன் நந்தகுமார் ரெண்டு செக்போஸ்ட்டுக்கும் நடுவில், அந்தப் பக்கமும் விடாம இந்தப் பக்கமும் விடாம, ரிக் வண்டிக்கு அடியில் மலேரியாவோட கிடக்கிறான், மாத்திரையும் தீர்ந்துபோச்சு. அறிக்கையில் 'கவலை'ன்னு போடுறதா 'கண்டனம்'னு போடுறதான்னு அங்கே சண்டை. நாசமாப் போறவனுங்களா, எதையாச்சும் போட்டுத் தொலைங்கடா, மனுசனை விடுங்கடா… டீயை வடிகட்டினாள். முன்னறையில் அப்பா வேலுசாமியும் அன்பரசு சித்தப்பாவும், ரெண்டு பேரும் அந்த ரிக் வண்டியில் பணம் போட்ட பங்காளிகள், ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சிருந்தாள், நந்தகுமாரோட குரல் பதிவு வர்ற வரைக்கும்.

"ஏம்புள்ள, நடந்து போறவங்கள விடலாம்னு நேத்தே எல்லா நாடும் ஒத்துக்கிச்சு. வண்டிக்குத்தான் தடை. உட்டுப்போட்டு வந்தர்ட்டுமான்னு கேட்டேன், பங்காளிங்க பேசிப்போட்டுச் சொல்றோம்னாங்க…"

நேத்தா? நேத்தே விட்டாச்சா? அப்ப இவ்வளவு நேரமா இவள் திட்டினது யாரை? டீத்தட்டோடு நிலைப்படியில் நின்னுட்டாள். "உட்டுட்டு வந்தா நெட்டு போல்ட்டு கூட மிஞ்சாதுங்கண்ணா, மாப்ள கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கட்டும்," சித்தப்பா. அவர் அப்படித்தான், அப்பா சொல்லுவார், பெத்தவராச்சே, சொல்லுங்கப்பா, ஒரே வார்த்தை… "பாக்கலாம்" என்றார் அப்பா. பாக்கலாமா! இந்த ஊர்ப் 'பாக்கலாம்' இவளுக்குத் தெரியாதா, சம்பந்தம் பேச வந்தவனுக்கு, சிபாரிசு கேட்டு வந்தவனுக்கு, முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வாய் வராம சிரிச்சுக்கிட்டே சொல்ற பாக்கலாம், அது மருமகனுக்குமா?

தட்டை டக்குன்னு வெச்சாள், ரெண்டு பேரும் பார்க்கப் பார்க்கவே போனில் பேசினாள். "ஏனுங்க, வண்டி கெடக்கட்டும். நீங்க நடங்க. நாஞ் சொல்றேன்."

"ஏஞ்சாமி," அப்பா அதட்டக்கூட இல்லை, சின்ன வயசில் சோறூட்டுன அதே குரல், "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அந்தக் குரலுக்கு இப்பவும் கண் கலங்குது, சீ… கேட்டிருக்கலாம்தான். ஆனா வந்ததிலிருந்து மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படியிருக்குன்னு அவர் ஒரு தடவைகூடக் கேக்கலையே, அது இப்பத்தான் இவளுக்கு உறைச்சது.