ஒல்லிப் படகு

படகுத் துறையில் அவனை எல்லோரும் அளவுகோல் என்றுதான் கூப்பிட்டார்கள். யாராவது பேச வந்தால், பதில் சொல்வதற்கு முன் அவர்களுடைய படகின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவான். பிழைப்புக்கு ஃபைபர் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் பட்டறை. மாடியில் ஒரே அறை, அதில் அவன் மட்டும். கல்யாணம் கூடிவரவில்லை.

"தண்ணி வெளிய போகாம இருக்கத் தொட்டி செய்யறான், உள்ள வராம இருக்கப் படகு செய்யறான். நடுவுல எவ வந்து நிப்பா?" என்று அவனுடைய அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. படகின் பாயைத் தைத்ததும் அவள்தான். ஞாயிறுதோறும் ஏரியில் நடக்கும் பந்தயத்தில் அவன் சுக்கான் பிடிப்பான், அவள் பாய்க்கயிற்றைப் பிடிப்பாள். காற்று வலுத்துப் படகு ஒருபக்கம் சாய்ந்தால், அவள் எதிர்ப்பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்ப்பாள். படகு நிமிரும். அப்போதும் அவள் வாய் ஓயாது. மகளின் மாமியார், தொழிற்சாலைச் சண்டை, மாமாவின் குறட்டை என்று பாதி ஏரி தாண்டுவதற்குள் ஒரு வாரத்துக் கதை முடிந்துவிடும். பந்தயத்தில் எப்போதும் கடைசிக்கு முந்தைய இடம்தான்.

அந்த இடம் அவன் மனதை அரித்தது. படகின் வயிறு அகலம். போகிற வழியெல்லாம் தண்ணீரை முட்டித் தள்ளி, தானே எழுப்பிய அலையில் தானே சிக்கிக்கொண்டது. நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். எடை குறைந்தால் அமிழும் பகுதி குறையும், உராய்வும் குறையும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவன் பட்டறையில் புதிதாக ஓர் அச்சு எடுத்தான். முதல் படகில் அக்காவின் ஃபிளாஸ்க் வைக்க இடமில்லாமல் போனது. அடுத்ததில் அவள் முழங்காலை மடக்கி உட்கார வேண்டியிருந்தது. முணுமுணுத்தாளே தவிர, வருவதை நிறுத்தவில்லை.

மூன்றாவது படகைப் பட்டறை வாசலில் வைத்துக் காட்டினான். அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கத்தி மாதிரி இருக்குடா. சரி, நான் எங்க உக்காரது?"

அவன் படகுக்குள் எட்டிப் பார்த்தான். வரைந்த நாட்களில் ஒருமுறைகூட அவன் அதை யோசித்திருக்கவில்லை.

"கொஞ்சம் பின்னாடி நகந்து உக்காந்தா..."

"நகந்தா தண்ணிக்குள்ளதான் இருப்பேன்." அவள் சிரித்தாள். "போடா, நீ ஓட்டு. நான் கரையில நின்னு பாக்கறேன்."

சிரித்ததால் வருத்தமில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இளங்காற்று வீசிய அடுத்த ஞாயிறு அவன் முதலாவதாக வந்தான். படகு சத்தமே போடாமல் வழுக்கிக்கொண்டு போனது. எல்லைக் கொடியைத் தாண்டியதும் "பாத்தியா!" என்று பக்கத்தில் திரும்பினான். தண்ணீர்தான் இருந்தது. கரையில் அக்கா கை தட்டிக்கொண்டிருந்தாள். சில வாரங்கள் அப்படி வந்தாள். பிறகு முழங்கால் வலி என்றாள், மகளின் பிரசவம் என்றாள். அவன் வென்றுகொண்டிருந்தான். பரிசுக் கோப்பைகளைப் பட்டறையில் ஃபைபர் வார்க்கும் ரெசின் டின்களுக்குப் பக்கத்தில் அடுக்கினான்.

ஒரு ஞாயிறு காற்று சுழன்று அடித்தது. ஒல்லிப் படகு சாய்ந்தது. விளிம்பில் தொங்கி உடம்பை எவ்வளவு வெளியே எறிந்தும் ஒரு ஆள் எடை போதவில்லை. பாயைத் தளர்த்துவதற்குள் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் அவனைக் கடந்து போனார்கள். படகின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மிதந்தான்.

மீட்புப் படகுக்காரர் கயிற்றை வீசினார். "அக்கா எங்கங்க? அவங்க இருந்திருந்தா ஒரு சாய்ல நிமித்தியிருப்பாங்களே!"

தலை ஈரம் காய்வதற்குள் அக்கா வீட்டுக்குப் போனான். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"மக ஊருக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம் மாப்ள," என்றார் மாமா. "சொல்லலாம்னா உன்னைப் பிடிக்கவே முடியல."

அவன் அக்காவைப் பார்த்தான். "அகலமா ஒண்ணு செய்யறேன்க்கா. ரெண்டு பேருக்கு."

"எனக்காகவா, காத்துக்காகவா?"

பொய் சொல்ல அவனுக்கு மனசு ஒப்பவில்லை. "ரெண்டுக்கும்தான்."

"வேகமா போகணும்னு நான் எப்படா வந்தேன்? உனக்குப் பேச ஆள் இல்ல. மாமா டிவி போட்டா எனக்கும் இல்ல. அதுக்குத்தான் வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க உக்காரதுன்னு கேட்டேனேடா," என்றாள். கோபம் இல்லை அவள் குரலில். ஒரு பெட்டியின் மூடியை அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவன் பிடித்தான், அவள் டேப் ஒட்டினாள்.

அவர்கள் போன பின், மழைக்காலத்தில் அவன் அகலமான படகைச் செய்து முடித்தான். கயிறு பிடிக்கத் தபால்காரர் ஒருவர் சம்மதித்தார். நல்ல மனுஷன், கனமான உடம்பு. காற்று வலுத்தால் சொல்லாமலே விளிம்பில் ஏறிவிடுவார். ஆனால் புறப்பட்டதிலிருந்து கரை சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். முதல் பந்தயத்தில் நான்காவதாக வந்தார்கள்.

கரையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தான்.

"எப்படிடா ஓடுது?"

"நல்லா நிமிந்து போகுதுக்கா. சாயவே இல்ல. முன்பக்கம்தான் கொஞ்சம் கனம்..."

அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டது. "இருடா, அப்புறம் கூப்பிடறேன்," என்றாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினான். மறுநாள் கொடுக்கவேண்டிய தொட்டி ஒன்று பாதியில் நின்றது. அதற்குள் இறங்கி உட்கார்ந்து, உள்சுவரை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான்.