முருங்கைக் கவாத்து

எங்கள் வீட்டு முன்புறம் பதினாறடி நீளம், எட்டடி அகலம். அதில் நாற்பத்திரண்டு ரோஜாச் செடிகள். முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் போகாது. பூப்பதெல்லாம் கொத்துக் கொத்தாகத்தான். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, வெளிறிய ரோஸ், ஓரம் மட்டும் சிவந்த வெள்ளை. சரவணம்பட்டிப் பக்கம் எங்கள் லேஅவுட்டில் இருபது வீடு இருக்கிறது. எந்த வாசலில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இப்படி ஒன்று இருக்காது. இந்த மரகதம் பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

ஒரு செடிகூடக் கடையில் வாங்கியதில்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கு எதிரே பெரிய ரோஜாப் பாத்தி உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் தோட்டக்காரர் பீர் முகம்மது வெட்டிக் குப்பையில் போட்ட குச்சிகளைக் கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். பால் கவரில் மண் நிரப்பி நூற்றுப்பத்துக் குச்சி வைத்ததில் நாற்பத்திரண்டு பிழைத்தது. கவர்களை மொட்டைமாடியில் வரிசையாக வைத்திருந்தபோது என் வீட்டுக்காரர் கதிர்வேல், "என்ற ஊட்டுக்காரி விறகு நட்டு வெச்சிருக்கறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்து பேவர் பிளாக், பேவர் பிளாக் என்று ஒரே பாட்டு. ஆறு மாதமாய்ச் சண்டை. இதற்கிடையில் மகள் வர்ஷினிக்கு இடம் அமைந்து, மாசி இருபத்து மூன்றாம் தேதி எங்கள் வீட்டில் உப்புச்சக்கரை என்று முடிவானது. எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு அதுதான் பெயர். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி.

"அன்னைக்கு மாப்பிள்ள ஊட்டு ஒறம்பரையெல்லாம் வந்து வாசல்ல நிக்கும்போது பாருங்க, அப்பத் தெரியும் இந்தச் செடியோட அரும" என்றேன்.

"சரி. அன்னைக்குப் பூ இருந்தா அது உன்ற எடம், நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லீன்னா மறுநாளே பேவர் பிளாக்" என்றார் அவர்.

"வர்ஷினி, கேட்டுக்கிட்டயா? நீதான் சாட்சி" என்றேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

எனக்குப் பயமே இல்லை. நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டால் நாற்பத்தைந்தாம் நாள் இந்தச் செடிகள் சொல்லிவைத்தாற்போல் பூக்கும். ஆகவே தை ஆறாம் தேதி கவாத்து என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அந்தத் தேதி வந்தபோது நான் ஆனைமலையில், தம்பி வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் இருந்தேன். பகலில் வீட்டில் நங்கையா மட்டும்தான் இருந்தார். நங்கையா என்றால் வீட்டுக்காரரின் அக்கா, ராசாத்தாள். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் மூலனூரில் முருங்கைத் தோட்டம் அவருக்கு. கண்புரை ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் வந்து, சர்க்கரை குறையட்டும் என்று டாக்டர் சொன்னதால் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அவருக்குப் போன் போட்டேன்.

"நங்கையா, நான் வர இன்னும் ரண்டு நாளாகுமுங்க. வாசல்ல இருக்கற ரோஸையெல்லாம் இன்னைக்குக் கவாத்துப் பண்ணிப்போடறீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, பண்ணிப்போடறேன். நாப்பது வருசமா அதுதான என்ற வேல."

அந்த வார்த்தையில் நான் சுதாரித்திருக்க வேண்டும். அவருக்குக் கவாத்து என்றால் முருங்கைக் கவாத்து. காய்ப்பு முடிந்ததும் மரத்தை அடியோடு ஒட்ட வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். அப்போதுதான் புதுக் கிளை அடித்து மறுபடி காய்க்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஒரு சாண் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேன்.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தால் பாத்தியே இல்லை. நாலு விரல் உயரத்துக்கு நாற்பத்திரண்டு கட்டைகள். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் பச்சைச் சாணி உருண்டையாக அப்பியிருந்தது. வெட்டிய கிளையெல்லாம் சுவரோரம் கட்டுக் கட்டி அடுக்கியிருந்தது. நங்கையா முகம் நிறையச் சிரிப்போடு வெளியே வந்தார்.

"ஒரு பொழுதுல முடிச்சுப்போட்டேன் கண்ணு. சாணிக்குத்தான் அலைய உட்டுருச்சு உங்க ஊரு."

பையைத் தரையில் போட்டேன்.

"கண்ணுதான் தெரியலியே, கையையாவது வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்லீங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. மூத்தவரைப் பார்த்து, அதுவும் கண் ஆபரேஷனுக்கு வந்தவரைப் பார்த்துச் சொல்லக் கூடாத பேச்சு. அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "முருங்கைக்கு இப்படித்தான கண்ணு…" என்றார். அவர் கையெல்லாம் முள் கீறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பார்த்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கோபம் அப்படி. அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவர் ஊருக்குப் போகிறவரை எங்களுக்குள் சாப்பாடு, மருந்து தவிர வேறு பேச்சில்லை.

வீட்டுக்காரர் அன்றைக்கே பேவர் பிளாக்காரருக்குப் போன் போட்டார். "மாசி இருபத்தி நாலு ஆள அனுப்பிப்போடுங்க" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பாலகோபால் சார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். அவர் நர்சரியில் பார்த்துப் பார்த்து வாங்கி வைக்கிறவர்.

"அடியில வெட்டினா அவ்வளவுதாம்மா. இனி காட்டு ரோஸ்தான் வரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு."

"உங்களுது ஒட்டுச் செடிங்க சார். அடியில காட்டு ரோஸு, மேல நல்ல ரோஸு. என்னுது குச்சியில வந்தது. வேர்ல இருந்து நுனி வரைக்கும் ஒரே செடி. எங்க வெட்டினாலும் அதேதான் வரும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. விறகு என்று சிரித்தார்களே, அந்த விறகுதான் இப்போது என்னைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அடியிலிருந்து வருவதற்குக் கூடுதலாகப் பத்து நாளாவது பிடிக்கும். என் கையில் இருந்தது நாற்பத்து நாலு நாள்.

சாணியைக் கழுவிவிடலாமா என்று யோசித்து, கை வைக்காமல் விட்டேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். காலையில் அலுவலகம் போகுமுன் ஒரு தடவை, வந்து செருப்பைக் கழற்றாமல் ஒரு தடவை, குனிந்து குனிந்து பார்த்தேன். இரண்டாம் வாரம் செம்பு நிறத்தில் துளிர் வெடித்தது. ஒரு கட்டையில் ஒன்றிரண்டு இல்லை, ஆறு, ஏழு. ஒரு கட்டைகூட நுனி காயவில்லை. முன்பெல்லாம் நான் வெட்டினால் நாலைந்து குச்சியாவது கறுத்துப்போகும். சாணி வேலை செய்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. அது எனக்கு உதவியது. எட்டாம் தேதி மொட்டெல்லாம் மிளகு அளவில் இருந்தன. இருபத்திரண்டாம் தேதி ஒரே ஒரு மஞ்சள் விரிந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான?" என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.

இருபத்து மூன்று காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றேன். நாலு செடி இன்னும் மொட்டாகவே இருந்தன. மீதி முப்பத்தெட்டும் பூத்திருந்தன. எல்லாம் ஒரே சமயத்தில் அடியிலிருந்து கிளம்பியதால் எல்லாம் ஒரே மட்டம். முழங்காலுக்குக் கீழே, இடைவெளியே தெரியாமல், சுவரிலிருந்து சுவர் வரை நிறம். மூன்று வருடத்தில் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. அழுதேன். என்ன வெட்கம், என் செடி, அழுதேன்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று காரில் வந்தார்கள். முதல் கார் கேட்டுக்குள் மூக்கை நீட்டியது. என் வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய்க் கையைக் காட்டினார்.

"ஏனுங்க மாமா, வண்டிய ரோட்டுலயே உட்டுப்போடுங்க. உள்ள செடி இருக்குதுங்க."

வர்ஷினி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

நங்கையா அதற்கு முன்பே பஸ்ஸில் வந்திறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி ஓரமாய் நின்றிருந்தார்.

"இத்தன நெறமா கண்ணு இருந்துச்சு? அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார் மெதுவாக.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். "பாய் விரிச்ச மாதிரி இவ்வளவு மட்டமா எப்படிங்க வளர்த்துனீங்க? யாரு வேலைங்க இது?"

நங்கையா சட்டென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். முள் கீறிய தழும்பு இன்னும் இருந்தது.

"எங்க நங்கையா கவாத்துங்க. மூலனூர்க் கைங்க இது. எனக்கு இத்தன நாளா இப்படிப் பண்ணத் தெரியலீங்க."

நங்கையா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அது ஒண்ணுமில்லீங்க, முருங்கைக்குப் பண்றதுதானுங்க" என்று தொடங்கினார். எங்கே வெட்ட வேண்டும், எப்படிச் சாணி வைக்க வேண்டும் என்று விரலால் காட்டிக் காட்டிச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.

நானும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"குச்சி நான் வெச்சதுங்க" என்றேன்.