எட்டு மிஸ்டு கால்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஞானசிங், மனைவி ரத்தினத்தையும் அக்காள் ஞானபாயையும் கூட்டிக்கொண்டு எருசலேம் பயணம் போனது 2012 பிப்ரவரியில். சபையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் சேர்ந்து போனார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே பெயர் கொடுத்து முன்பணமும் கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மகள் ஆன்ஸ்லின் கர்ப்பமானாள்.

மார்ச் கடைசியில்தான் பிரசவம் என்று தக்கலையில் அவளைப் பார்த்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். இருந்தாலும் ரத்தினத்துக்குப் போக மனசில்லை.

"பிள்ளத்தாச்சிய விட்டுட்டு நான் எப்பிடி வாறது? நீங்களும் மைனியும் போயிட்டு வாங்க."

"நாம திரும்பி வந்து ஒரு மாசம் கழிச்சுத்தானேட்டி அவளுக்கு நாளு?" என்றார் ஞானசிங்.

ஆன்ஸ்லினே அம்மாவைத் திட்டி அனுப்பிவைத்தாள். பகலில் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் துணைக்கு இருப்பதாகச் சொன்னாள். மற்ற நேரம் எட்சன் இருக்கிறானே.

எட்சன் மருமகன். தக்கலையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன். அதிகம் பேசமாட்டான். போன் ஏற்பாட்டையெல்லாம் அவன்தான் செய்துகொடுத்தான். ஊர் சிம்மை ஞானபாயின் பழைய போனில் போட்டு, எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னான்.

"மாமா, அங்கன போன பொறவு இந்தப் போன்ல ஆரு கூப்பிட்டாலும் எடுக்கப்பிடாது. எடுத்தா நமக்குத்தான் காசு போவும். எடுக்காம விட்டா ஒண்ணும் போவாது. நான் இங்கன இருந்து மிஸ்டு கால் தாறேன். ஒண்ணு வந்தா எல்லாரும் சுகம். ரெண்டு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. மூணு வந்தா நீங்க உடனே கூப்பிடணும்."

"கூப்பிடுததுக்கு?" என்றார் ஞானபாய்.

"அந்த நாட்டு சிம் ஒண்ணு வாங்கி மாமா போன்ல போட்டுக்கிடுங்க பெரியம்மா. அதுல கொஞ்சக் காசுல பேசலாம்."

ரத்தினம் மனதுக்குள் ஒன்று, ரெண்டு, மூன்று என்று சொல்லிப்பார்த்துக்கொண்டாள். புரிந்த மாதிரிதான் இருந்தது.

முதலில் இறங்கிய ஜோர்தானில் எல்லாம் அவன் சொன்னபடியே நடந்தது. விமான நிலையத்தில் ஞானசிங் ஒரு சிம் வாங்கினார். பஸ்ஸில் வந்த மற்றவர்களும் அதே கடையில் அதே சிம்மைத்தான் வாங்கினார்கள். சாயங்காலம் ஆன்ஸ்லின் பேசினாள். காலையில் ஊர் சிம்முக்கு ஒரு மணி அடித்து நிற்கும். ஞானபாய் "சுகம்" என்று அறிவிப்பார். ரத்தினம் காப்பியைக் குடிப்பாள்.

அடுத்து, நாட்டு எல்லையான ஆற்றுப் பாலத்தைக் கடந்து மறு கரைக்கு, எருசலேம் பக்கத்துக்கு, போகவேண்டிய நாள். மோசே நின்று பார்த்த மலையில் முந்தின நாள் ஜெபம் பண்ணும்போது ஞானபாய் போனைச் சத்தம் வராமல் செய்திருந்தார். அதை மாற்ற மறந்துவிட்டார். பாலத்தில் பைகளையெல்லாம் சோதனைக்கு வாங்கி ஒரு பட்டையில் ஓடவிட்டார்கள். பைகள் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். காத்திருந்து காத்திருந்து பாதி நாள் போயிற்று. எரிகோவுக்கு வந்து, சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கியபோதுதான் ஞானபாய் பையைத் திறந்தார்.

"ரத்தினம், இஞ்ச வா. கண்ணாடி இல்லாம தெரியல்ல. இது என்ன நம்பரு?"

ரத்தினம் வாங்கிப் பார்த்தாள். எட்டு மிஸ்டு கால்.

"எட்டா? எட்டுக்கு என்னன்னு சொன்னான்?"

"எட்டுக்கு ஒண்ணும் சொல்லல்ல மைனி."

ஞானசிங் வந்து எட்டிப் பார்த்தார். "மூணும் மூணும் ரெண்டும். அப்பிடித்தானே எட்டு வரும்?"

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு, உடனே கூப்பிடு, உடனே கூப்பிடு."

"இல்ல தம்பி, எட்டும் ஒண்ணு ஒண்ணா வந்திருந்தா?" என்றார் ஞானபாய். "சுகம், சுகம்னு எட்டு வாட்டி சொல்லியிருப்பான்."

"சுகமா இருக்கவன் எட்டு வாட்டியா அடிப்பான்?" என்றாள் ரத்தினம்.

ஞானசிங் தன் போனை எடுத்து அழுத்தினார். ஒரு பெண் அரபியில் மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். மறுபடி அழுத்தினார். அவளே மறுபடி அதையே சொன்னாள். காசு தீர்ந்துவிட்டது என்கிறாளா, இந்த நாட்டில் செல்லாது என்கிறாளா, பொறு என்கிறாளா? நாலு கோடு காட்டிய சிக்னல் ஒரு கோடானது, பிறகு அதுவும் போனது, தெருவைத் தாண்டி நின்றால் திரும்ப வந்தது. அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் அங்கும் இங்குமாக நடந்தார். கேட்டுப் பார்த்ததில், கூட வந்தவர்களின் போன்களிலும் அதே பெண்தான் பேசினாள்.

"ஊர் சிம்லயே கூப்பிடுங்க. எவ்வளவு போனாலும் போட்டு," என்றாள் ரத்தினம்.

அதில் கூப்பிடுகிற அளவுக்குக் காசு இல்லை. எடுக்கவே போவதில்லை என்று போட்ட சிம் அது. காசு ஏற்ற வேண்டுமென்றால் ஊரிலிருந்து எட்சன்தான் ஏற்ற வேண்டும். எட்சனிடம் சொல்ல வேண்டுமென்றால் அவனைக் கூப்பிட வேண்டும். இதை ஞானசிங் இரண்டு முறை விளக்கினார். ரத்தினத்துக்கு ஒன்றும் மனசில் ஏறவில்லை. மகள் செத்துப்போனாளா என்கிற ஒரு நினைப்புதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அதை வாயால் சொல்ல அவளுக்குப் பயம்.

சாப்பாட்டுக் கடைக்கு அடுத்தது பேரீச்சம்பழக் கடை. வயதான ஒருவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரத்தினம் நேரே அவரிடம் போனாள். காதில் கையை வைத்துக் காட்டினாள். பிறகு தன் வயிற்றைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கைகளை ஆட்டினாள். அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

ஞானசிங் ஓடிவந்து எட்சனின் எண்ணை அழுத்தினார். ஊரிலிருந்து ஊருக்குக் கூப்பிடுவதுபோல முன்னால் ஒரு சைபரைப் போட்டார். எவனோ எடுத்து அரபியில் கத்தினான்.

"தொண்ணூத்தொண்ணு போடுல. நம்ம நாட்டு நம்பர் அது," என்றார் ஞானபாய். கடைக்காரர் அதற்கும் முன்னால் இரண்டு சைபர் போட வேண்டும் என்று விரலால் காட்டித்தந்தார்.

மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண் குரல்.

"அலோ, ஆரு?"

"ஏட்டி வியாகுலம், நான் ரத்தினம்! எம் பிள்ள எப்பிடி இருக்கா?"

"ஆரு? ஒண்ணும் கேக்கல்ல. இது வெளிநாட்டு நம்பராக்கும். எடுத்தா காசு போயிரும்னு பேப்பர்ல போட்டிருக்கான். வைக்கேன்."

வைத்துவிட்டாள்.

ரத்தினம் போனையே பார்த்தாள். எட்சனின் போன் வியாகுலம்மாள் கையில் எதற்கு? எட்சன் எங்கே? கடைக்காரரே போனை வாங்கி, திரும்ப அதே எண்ணை அழுத்திக் கொடுத்தார். இந்த முறை நெடுநேரம் அடித்தது.

"அலோ?" எட்சன்.

"மக்கா, நான் மாமி பேசுதேன்."

"மாமி," என்றான். பிறகு மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அழுகிறானா சிரிக்கிறானா என்று ரத்தினத்துக்குப் பிடிபடவில்லை.

"சொல்லு மக்கா. என்னன்னாலும் சொல்லு."

"பொம்பளப் பிள்ள, மாமி."

"ஆன்ஸ்லின்?"

"சுகமாட்டு இருக்கா. விடியக்காலத்த பனிக்குடம் உடைஞ்சிட்டு. வெட்டித்தான் எடுத்தாங்க. பிள்ள சின்னதா இருக்குன்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. உள்ள போய் பாக்கதுக்குத்தான் போன வியாகுலம்மாகிட்ட குடுத்தேன். பிறந்த உடனே அழுதா மாமி, நல்லாட்டு அழுதா. வெளிய நின்ன எனக்கே கேட்டிச்சு."

ரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்துக்கு முன்னால் கோபம் வந்தது.

"பொறவு எதுக்கு எட்டு வாட்டி அடிச்ச? இங்கன நாங்க பாதி செத்துட்டோம். மூணு அடிச்சா போதும்னு நீதானே சொன்ன?"



"எண்ணல்ல மாமி. சிஸ்டர் கதவத் தொறந்து உள்ள போவும்போ எல்லாம் ஒண்ணு அடிச்சேன். கூட நிக்கதுக்கு ஆருமில்ல. அப்போ வியாகுலம்மா துணி எடுக்க வீட்டுக்குப் போயிட்டாவ. அங்கன மணி அடிக்கது காதுல கேட்டா, நீங்க பக்கத்துல எங்கயோ நிக்கது மாதி இருந்திச்சு. அதான்."

ரத்தினம் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த இத்தனை நாளில் அவன் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. 

"சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மாமி."

"போய் எதாவது சாப்பிடு. இனி ஆரு போன் பண்ணினாலும் நாங்க எடுப்போம். நீ அடி. எத்தன வாட்டி வேணும்னாலும் அடி. காசு போனா போட்டு."

பின்னால் கதவு திறக்கும் சத்தமும் சக்கரம் உருளும் சத்தமும் கேட்டன. "வெளிய கொண்டு வாறாங்க, இருங்க" என்றான்.  பிறகு, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல ஆன்ஸ்லினின் குரல்.

"அம்மா, எங்க நிக்கிய?"

காலையிலிருந்து வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்த ஊர்ப்பெயர், ஞாயிறு பள்ளியில் படித்த பெயர், ரத்தினத்துக்கு வாயில் வரவில்லை. கடைப் பலகையைப் பார்த்தாள். அதில் எல்லாம் கோடும் புள்ளியுமாக இருந்தது.

"தெரியல்ல மக்கா. பேரீச்சம்பழக் கடை ஒண்ணுல நிக்கேன்."

ஆன்ஸ்லின் சிரித்தாள்.

"சிரிக்காதட்டி, தையல் விட்டுரும்," என்று ரத்தினம் பதறினாள். அதற்குள் லைன் போய்விட்டது.

கடைக்காரர் ஞானசிங் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. ஒரு சின்னப் பெட்டி பழத்தை ரத்தினத்தின் மடியில் வைத்தார். ஞானசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு விடமறந்து குலுக்கிக்கொண்டே நின்றார்.

"பிள்ள எத்தன கிலோ?" என்று கேட்டார் ஞானபாய்.

"கேக்கல்ல மைனி."

"ஆரு சாயல்?"

"அதுவும் கேக்கல்ல."

"பொறவு என்னத்தட்டி இவ்வளவு நேரம் பேசின?"

ரத்தினம் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை.